பாக்கி

இந்த வருஷமும் நட்சத்திரம் கட்டினோம்.
உள்ளே பல்பு போடவில்லை.
மினுக்கு விளக்கைக் கண்டால் அப்பா
"வண்டி பிரேக்டவுன், எல்லாரும் எறங்குங்கோ" என்று
நடுராத்திரியில் எங்களை முற்றத்தில் நிறுத்திவிடுவார்.

மஸ்கட்டிலிருந்து வந்த அன்றே பெனடிக்ட் சொன்னான்:
ஆட்களைக் கூப்பிடாண்டாம்,
நாம மட்டும் கேக்கை வெட்டி முடிப்போம்.
நான் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தேன்.
அவனுக்கு வெட்கம்.
எனக்கும் இருந்தது, ரெண்டு வருஷம் முன்னால்.
பயறு கருகப் பார்த்தது.

வடசேரி – களியக்காவிளை, முப்பத்தொரு வருஷம்.
பிள்ளைகளின் பெயர் போய்விட்டது.
வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சாமியார்மடம்
வரிசை பிசகாமல் இருக்கிறது.
நகைக்கடையில் தந்த புதுக் காலண்டரைக்
கக்கத்தில் இடுக்கி,
வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம்
ஒவ்வொரு தாளாய்க் கிழித்துக் கொடுக்கிறார்.
பிறக்காத வருஷத்தில் அதற்குள்
பதினாலு நாள் செலவாகிவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து பெட்டியோடு நான் வந்து நின்றபோது
யாரென்று கேட்கவில்லை.
"படியில நிக்காத பிள்ளே, உள்ள கேறி வா.
சீட்டு கெடக்கு" என்றார்.

இருபத்திநாலாம் தேதி சாயங்காலம்
மாடத்தட்டுவிளைப் பையன்கள் கொட்டடித்து வந்தார்கள்.
பஞ்சுத் தாடி வைத்த தாத்தாவின் நெஞ்சில் கை வைத்து அப்பா
"இதுல எடமில்ல.
பின்னால ஒரு வண்டி காலியா வருது" என்றார்.
தாத்தா முகமூடியைத் தூக்கிச் சிரித்தான்.
பெனடிக்ட் சிரிக்கவில்லை.

அப்புறம் குடிலின் முன்னால் போய் நின்றார்.
வைக்கோலில் மாதா முழங்காலில்.
முன்னால் தொட்டி காலி.
"பிள்ளத்தாச்சி நிக்கியா, கண்ணு தெரியல்லியா,
எழும்பிக் குடுலே" என்று
மூன்று ராஜாக்களில் ஒருவரைத் தூக்கி
ஜன்னலில் வைத்தார்.
திருத்தப் போன பெனடிக்டின் கை
பாதியில் நின்றது.
பன்னிரண்டு மணிக்குத்தானே பாலனை வைப்போம்.
அதுவரை அவள் பிள்ளைத்தாச்சிதான்.
எத்தனை வருஷமாய்க் குடில் கட்டுகிறோம்,
எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம்
இறைச்சிக் கறி, ஆப்பம், பந்தி நிறைய ஆள்.
அப்பா உட்காராமல் தலை எண்ணினார்.
திரும்பவும் எண்ணினார்.
"ஒரு ஆளு கொறையுது.
சாயா குடிக்க எறங்கினா.
வந்த பெறவு எடுக்கலாம்."

யாரென்று நாங்கள் கேட்கவில்லை.
போன வருஷம் கேட்டு,
அம்மா செத்துப்போனதைச் சொல்லி,
திரேசு திரேசு என்று அவர் அன்றைக்குத்தான் கேட்டவராய் அழுது,
சாயங்காலம் மறந்து,
திரும்பவும் கேட்டு, திரும்பவும் சொல்லி.
ஒரே நாளில் மூன்று அடக்கம்.

ஆப்பம் ஆறியது.
கறியில் நெய் ஆடை கட்டியது.
பெனடிக்ட் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன் மகள் அபினா, ஏழு வயசு,
வாயில் எலும்போடு சொன்னாள்:
"அவங்க பின்னால வண்டியில வருவாங்க, தாத்தா.
அது காலியாத்தான வருது."

அப்பா வாசலைப் பார்த்தார்.
கொஞ்ச நேரம்.
பிறகு மேசையில் விரல் முட்டியால் ரெண்டு தட்டு.
"ரைட்."

சாப்பிட்டோம்.
பெனடிக்ட் மூன்று ஆப்பம் கூடுதல் வாங்கினான்.
கையைக் கழுவிவிட்டுப் போய்
எங்கே போகணும் என்று அவர் கேட்க,
"களியக்காவிளை, ஒண்ணு" என்று
மஸ்கட் நோட்டை நீட்டினான்.
சில்லறை இல்லையென்று ஏச்சும் வாங்கினான்.

ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு
எனக்குக் கிடைத்த தாளை எடுத்துப் பார்த்தேன்.
ஜனவரி ஒன்பது. ராகுகாலம், எமகண்டம்,
ஒரு சோப்பு விளம்பரம்.
பின்பக்கம் பென்சிலால்
அந்தப் பழைய சாய்ந்த எழுத்து:
பாக்கி 4.

நாலு என்ன என்று தெரியவில்லை.
காசா, நாளா, சும்மா கை போன போக்கா.
இறங்கும்போது கேட்டு வாங்கணும்.